செவலையின் காதுவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதம். மலைமேல் பள்ளங்கி ஊருக்குக் கீழே, ஜீப்கூட இறங்காத சரிவில் எங்கள் தோட்டம். பூண்டோ பீன்ஸோ, எது விளைந்தாலும் குதிரை முதுகில் ஏற்றித்தான் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே குதிரை, செவலை. வங்கிக் கடனில் வாங்கியது. கடனோடு இன்சூரன்சும் போட்டு, அதன் காதில் எண் போட்ட மஞ்சள் வில்லையை மாட்டி, கையில் ஒரு காகிதத்தையும் கொடுத்தார்கள். பத்தாவது வரை படித்தவள் என்று ஊரில் எனக்குப் பெரிய பெயர். அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூடப் படிக்காமல் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அடைமழையில் ஒரு நாள் காலை பாதை சரிந்து, செவலை பொதியோடு பள்ளத்தில் விழுந்தது. நாங்கள் இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. என் கணவர் கல்லில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. உழைத்த மிருகம் செத்தால் பொழுது சாய்வதற்குள் மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும். கயிறு, மணி, லாடம் என்று மனிதன் பூட்டிய எதுவும் அதன் உடம்பில் இருக்கக் கூடாது. பிறந்த மாதிரியே போக வேண்டும். நான்தான் எல்லாவற்றையும் கழற்றினேன். காதுவில்லையைப் பார்த்ததும், "இது மட்டும் எதுக்கு? வெரசா வெட்டுங்க" என்றேன்.

அவர் தயங்கினார். "இன்சூரன்ஸ்காரங்களுக்குச் சொல்ல வேணாமா?"

"செத்தத மழையில போட்டுவச்சுக்கிட்டு அவுகளுக்கு போன் போடணுமாக்கும்!" என்று கத்தினேன். வாயை அடக்கத் தெரியாதவள் நான். அவரும் வெட்டிவிட்டார். மஞ்சள் பூசி, கற்பூரம் காட்டிப் புதைத்தோம்.

மறுநாள் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப்போய் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு போன் போட்டு, குதிரை செத்துவிட்டது என்று மட்டும் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. செத்த உடனே தகவல் சொல்ல வேண்டும். டாக்டர் வந்து பார்க்கும்வரை புதைக்கக் கூடாது. வில்லை காதோடு இருக்க வேண்டும். எல்லாம் அந்தக் காகிதத்திலேயே இருந்ததாம். குதிரையை விற்றுவிட்டு வில்லையை மட்டும் கொண்டுவந்து காட்டுகிறவர்களும் உண்டாம், அதற்காகத்தான் இந்த விதியாம். கடன் அப்படியே நிற்கிறது, பறித்த பீன்ஸ் மூட்டையில் வாடுகிறது, சுமக்கக் குதிரை இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு வழி சொன்னார். "ஓடை இழுத்துட்டுப் போயிருச்சு, வில்லை மட்டுந்தான் கெடச்சுச்சுன்னு சொல்லுங்க. யாரு எறங்கிப் பாக்கப் போறா?" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வீட்டு வேலை பார்த்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொல்லிப் பழகினேன்.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கூடவே கால்நடை டாக்டரம்மா. இருவரும் நடந்தே இறங்கியிருந்தார்கள். அதிகாரி வழியில் வழுக்கி விழுந்து முட்டி சிராய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவர் முதலில் கேட்டது, "ரொம்ப நாளா வளத்தீங்களாம்மா?" என்றுதான். பழகி வைத்திருந்த பொய் வாயில் வரவே இல்லை. அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதிகாரி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "சந்தேகப்படுறதுக்கு எங்களுக்கு உரிமை இருக்கும்மா. செத்தது செவலைதான்னு காட்டுறதுக்கு உங்களுக்கும் உரிமை இருக்கு. தோண்டிப் பாக்கலாம். மனசுக்கு முடியலன்னா சொல்லுங்க, திரும்பிப் போயிர்றேன். ஆனா அப்ப தள்ளுபடின்னுதான் எழுத முடியும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. சரி என்று தலையாட்டினேன்.

தோண்டத் தொடங்கிய என் கணவருக்கு இரண்டு வெட்டுக்கு மேல் கை ஓடவில்லை. அதிகாரி மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். தலைப்பக்கம் மட்டும்தான் தோண்டினார்கள். "அக்கா, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றார் டாக்டரம்மா. நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காதில் வில்லை இருந்த துளை, முறிந்த கழுத்து என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அதிகாரி எழுதும் சத்தம் கேட்டது.

மண்ணை மூடுவதற்கு முன்னால் அதிகாரி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். "கற்பூரம் இருக்காம்மா? தூங்குறத எழுப்பிட்டோம்ல" என்றார். செவலை செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

கிளம்பும்போது எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். உடனே தகவல் சொல்லாதது எங்கள் தவறு என்று ஒரு வரி. விதிகளைப் புரியும்படி சொல்லாமல் கையெழுத்து வாங்கியது கம்பெனியின் தவறு என்று அடுத்த வரி. "ரெண்டையும் எழுதுனாத்தாம்மா நியாயம்" என்றார். அதற்காக மேலிடத்தில் அவருக்கு என்ன திட்டு விழுந்ததோ தெரியாது. தை மாதம் இன்சூரன்ஸ் பணம் கிடைத்தது; வேறொரு குதிரை வாங்கினோம்.

நான் செய்த காரியத்துக்கு அவர் ஆபீஸில் உட்கார்ந்தபடியே மறுத்திருக்கலாம், யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. ஒருவரை நம்புவதற்கும் பாடுபட வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்; என்னை நம்புவதற்காகப் பாடுபட்ட அந்த மனிதரிடம் நான் உண்மையைத்தான் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்குப் பெரிய நிம்மதி.