மீனுக்கு நான் வைக்காத பொட்டு

கீழ்வேளூரில் என் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் சுவர் முழுக்கக் கல்யாணப் பெண்கள். நடுவில் ஒரே ஒரு மீன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். செவுளுக்குப் பின்னால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு புள்ளி. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "கலர் நல்லா ஏத்தியிருக்கீங்க தம்பி" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மீனைக் கொண்டுவந்தவர் அடுத்த தெரு மேடம். கல்லூரியில் விலங்கியல் நடத்துபவர். நாகப்பட்டினம் துறைமுகத்தில், விசைப்படகுக்காரர்கள் ஒதுக்கிக் கொட்டும் கழிவுமீன் குவியலை வருடக்கணக்காகக் கிளறிக்கொண்டிருந்தவர். தாலியையும் மெட்டியையும் நெருக்கத்தில் எடுக்க நான் வாங்கிய லென்ஸைப் பற்றி யாரோ சொல்லி, ஒருநாள் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத மீன் என்று நினைப்பதாகச் சொன்னார். துடுப்புகளைக் குண்டூசியால் விரித்து வைத்தார், நான் எடுத்தேன். இனி கெடாமல் வைக்க மருந்துப் புட்டியில் போட்டால் நிறம் போய்விடும், படம்தான் சாட்சி என்றார். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். "எதையும் தொடாதீங்க. அப்படியே குடுங்க." எனக்கோ வேறு சந்தேகம். இவ்வளவு காவல் எதற்கு? மீனைத் தொட்டதெல்லாம் அவர்தான். அவர் கைப்பையில் நீலப் பேனா ஒன்று எட்டிப் பார்த்தது. புள்ளியைப் போட்டே கொண்டுவந்திருப்பாரோ?

சில மாதம் கழித்து முகம் சுண்டிப்போய் வந்தார். புது மீன் என்று எழுதி அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். செதில், முள் எல்லாம் எண்ணிப் பார்த்தால் ஏற்கெனவே பெயருள்ள இன்னொரு மீனோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பிரித்துக் காட்டுவது அந்தப் புள்ளிதான். புட்டியில் இருக்கும் மீனில் அது இல்லை, படத்தில் மட்டும் இருக்கிறது, எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார்கள். அத்தனை வருட உழைப்பும் அதில் தொங்கியது.

"ஐஸ்ல இருந்தப்ப எனக்கு மங்கலாத்தான் தெரிஞ்சுது. உண்மையைச் சொல்லுங்க. ஏதாவது பண்ணுனீங்களா?"

"பொண்ணு மூஞ்சியில பருவை எடுப்பேன் மேடம். மீனுக்குப் பொட்டு வைக்கிற வேலை எனக்கெதுக்கு? நீங்க வச்சிருந்தாத்தான் உண்டு!"

வாய் மீறிவிட்டது. அவர் கண் கலங்கியது. ஆனாலும் இரண்டு பேரும் இறங்கிவரவில்லை. "சரி, சேர்ந்தே போவோம். இன்னொண்ணு கிடைக்கட்டும்" என்றார். முகூர்த்தம் இல்லாத நாட்களில் நாகைக்குப் பஸ் ஏறினோம். பக்கத்துப் பக்கத்து சீட், பேச்சு கிடையாது. வெறுங்கையோடு திரும்பித் திரும்பி அலுத்த பிறகு, ஒருநாள் குவியலின் அடியில் ஒன்று அகப்பட்டது. செவுள் இன்னும் அசைந்தது. புள்ளியும் இருந்தது.

அதைத் தொடுமுன் இருவரும் சோப்புப் போட்டுக் கழுவினோம். பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவதுபோல ஒருவருக்கொருவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினோம். "என்ன சார், மீனுக்கு நிச்சயதார்த்தமா?" என்று படகுக்காரர்கள் கேலி செய்தார்கள். வீடியோவை ஓடவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு முதல் பந்தி வரை நிறுத்தாமல் எடுத்துப் பழகியவனுக்கு அது பெரிதில்லை. கேமராவுக்கு முன்னாலேயே மீனைப் புட்டியில் போட்டார். ஏலக் கூடத்து ஓரத்தில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். ஒருத்தரை விட்டு ஒருத்தர் டீ குடிக்கக்கூட எழவில்லை. வெயில் ஏற ஏற நீலம் சாம்பலாகி, சாம்பலும் வெளுத்து, கடைசியில் ஒன்றுமே இல்லை.

"இருந்துச்சுல்ல?" என்றார்.

"இருந்துச்சு மேடம்."

அந்த நீலப் பேனாவை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வீடியோவோடு போன கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். மீனுக்குப் பெயரும் வந்தது. முதலில் எடுத்த படத்தைத்தான் சுவரில் மாட்டினேன்.

போன வாரம் மேடம் பாஸ்போர்ட் படத்துக்கு வந்தார். பிரிண்டைக் கையில் வாங்கியவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, தன் முகத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏதாவது பண்ணுனீங்களா?"

"கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கருப்பா இருந்துச்சு மேடம். எடுத்துட்டேன்."

அவர் திரும்பிச் சுவரில் இருந்த மீனைப் பார்த்தார்.

"அதுக்குக் குடுத்த மரியாதை எனக்குக் கிடையாதா? இருந்ததை இருந்த இடத்துல வைங்க."

வைத்துக் கொடுத்தேன். கொடுக்கும் வரை என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.