இடது கார்னர் பக்கம் யாரும் வரவில்லை

நடந்தவை, வரிசைப்படி:

1. என் தங்கையைக் களத்தில் இறங்கும் ஏழு பேரிலிருந்து எடுத்துவிட்டு வெளியே உட்கார வைக்கப் போவதாக அவளுடைய கபடி பயிற்சியாளர் சொன்னார்.
2. காரணம், பாடி வருபவளைப் பிடிக்க இடது மூலையில், அதாவது இடது கார்னரில், நிற்கும் அவளுக்குக் கேட்ச் குறைவு. வலது கார்னரில் நிற்பவளுக்கு நிறைய.
3. ராயகிரியில் நடக்கவிருந்த போட்டிக்கு ஒரு கல்லூரி அணியிலிருந்து ஆள் பார்க்க வருவதாக இருந்தது. களத்தில் நின்றால்தான் பார்ப்பார்கள். பார்த்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம்.
4. தங்கை சாப்பிட மாட்டேன் என்றாள். அப்பா பிரியாணி வாங்கி வந்ததும் சாப்பிட்டாள்.
5. நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

ஐந்தாவது ஏன் என்று புரிய என் வேலையைச் சொல்லியாக வேண்டும். நான் இன்ஜினியரிங் படித்தவள். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு விளையாட்டின் வீடியோக்களுக்குக் குறிப்பு போடுகிறேன். அமெரிக்க ஃபுட்பால். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடத் தொடங்கினால் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். என் வேலைக்குச் சத்தம் தேவையில்லை, கண் போதும். அம்மா காபி கொண்டுவரும்போதெல்லாம் திரையை எட்டிப் பார்ப்பாள்.

"பந்து கையிலதான இருக்கு. பிறகு எதுக்குட்டி ஃபுட்பாலுங்கானுவ?"

"எனக்கும் தெரியாதும்மா."

"தெரியாமலே சம்பளம் குடுக்கானுவளா?"

அந்த ஆட்டத்தில் பந்தை எறிபவன் ஒருவன் இருக்கிறான். அவன் எறிவதற்குள் அவனைப் பிடித்துத் தள்ளுவதற்காகவே எதிரணியில் சிலர் பாய்ந்து வருகிறார்கள். பந்து கையில் இருக்கும்போதே அவனைச் சாய்த்துவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். ரசிகர்கள் அதை மட்டும் எண்ணிக் கைதட்டுகிறார்கள். மற்றதை எண்ணுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். தடுக்க நின்றவனை எவ்வளவு சீக்கிரம் தாண்டினான்? இவன் ஒருவனைத் தடுக்க இரண்டு பேரை நிறுத்த வேண்டியிருந்ததா? இவன் வருவதைப் பார்த்து எறிபவன் அவசரப்பட்டானா? இவனுக்குப் பயந்து மறுபக்கம் ஓடினானா? எறிபவன் பந்தை வைத்துக்கொண்டு தூங்கியதால் கிடைத்த சாக் என்றால் அதையும் குறிக்க வேண்டும். அதில் பாய்ந்தவனின் பெருமை கொஞ்சம்தான்.

எனக்குப் பிடித்த ஆட்டக்காரன் ஒருவன் உண்டு. சாக் கணக்கில் அவன் பெயர் கீழே எங்கோ கிடக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் எறிபவன் இவனைப் பார்த்து மிரண்டு மறுபக்கம் ஓடுவான். அங்கே இவனுடைய கூட்டாளி சாவகாசமாக அவனைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பான். பேர் கூட்டாளிக்கு.

தங்கையின் ஆட்டங்களை அணித் தோழிகள் செல்போனில் பிடித்து வைத்திருந்தார்கள். அவற்றை வாங்கி, அலுவலக வேலைக்குச் செய்வதுபோலவே நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிரணியிலிருந்து பாடி வரும் ரைடர், தங்கை இருக்கும் பக்கம் வந்து யாரையும் தொடாமல் திரும்பினால், அது தங்கை கொடுத்த நெருக்கடி என்று குறித்தேன். முடிவு பிரமாதமாக வந்தது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோபம் மறந்து கொஞ்ச நேரம் பார்த்தவள், ஓர் இடத்தில் சிரித்துவிட்டாள்.

"அக்கா, இவ எனக்குப் பயந்து திரும்பலை. அவங்க டீம் லீடுல இருக்கு. சும்மா வந்து டைம் ஓட்டிட்டுப் போறா."

"இது?"

"இதுவும் டைம் ஓட்டுததுதான். இதையெல்லாம் என் கணக்குல சேக்காத. சார் பாத்தா உன்னையும் சேத்து வெளிய உக்கார வச்சிருவாரு."

அமெரிக்க ஆட்டத்தில் பந்தை எறிய நிற்பவன் சும்மா நேரம் கடத்திவிட்டுப் போவதில்லை. கபடியில் வெறுங்கையோடு திரும்புவதும் ஒரு தந்திரம். அந்த ஆட்டத்துக்குத் தைத்த சட்டையை இந்த ஆட்டத்துக்கு மாட்டிவிட்டிருந்தேன். குறித்ததையெல்லாம் அழித்தேன்.

"சரி, எப்போ ஏமாத்த முடியாது? எப்போ கட்டாயம் புள்ளி எடுத்தே ஆகணும்?"

"டூ ஆர் டைல."

ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரைடு டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் திரும்பினால் போனவள் அவுட். அதில் யாரும் நேரம் கடத்த முடியாது. எங்கே சுலபமோ அங்கேதான் போவாள். அந்த ரைடுகளை மட்டும் வெட்டி எடுத்துத் தொடர்ச்சியாக ஓடவிட்டோம். ரைடர் கோட்டைத் தாண்டி வருகிறாள், இடது மூலையைப் பார்க்கிறாள், வலது பக்கம் போகிறாள். அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். வலது கார்னர்காரி ஒவ்வொருத்தியாகக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது, உன் பக்கம் யாருமே வரலை?"

"அதான் நானும் சொல்லுதேன். வராதவளை எப்படிப் பிடிக்கது?"

மறுநாள் காலைப் பயிற்சிக்கு லேப்டாப்போடு போனேன். பயிற்சியாளர் விசிலைக் கழுத்தில் போட்டபடி, வெயிலுக்குக் கையால் திரையை மறைத்துக்கொண்டு பார்த்தார். முழுவதும் பார்த்தார், அதை மறுக்க முடியாது.

"ஏம்மா, கேட்ச் எத்தனைன்னா ஸ்கோர் ஷீட்டுல இருக்கு. பயந்து வராம போனா, அது எதுல இருக்கு?"

"அதைத்தான் சார் வெட்டி எடுத்திருக்கேன்."

"வெட்டுனது யாரு? நீ. நீ யாரு? அவ அக்கா."

அவர் கேட்டது நியாயம்தான். என் வேலையிலும் அப்படித்தான். தெரிந்தவர்கள் ஆடும் ஆட்டத்தை அவர்களுக்கு வேண்டியவர் குறிக்கக் கூடாது.

எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வலது கார்னர்காரி. தங்கையோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருப்பவள். எப்போது வந்து நின்றாளோ, எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"அப்போ நான் இளிச்சவாய்னுதான் என்கிட்ட வாராளுகளா?"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றேன்.

"சொல்லலை. படம் போட்டுக் காட்டியிருக்கீங்க." பயிற்சியாளரிடம் திரும்பினாள். "சார், நம்ம ஊர்ப்பக்கத்து ரைடருக எல்லாத்துக்கும் வலது கார்னர் பக்கம் போறதுதான் பழக்கம். அதான் வாராளுக. அவளைப் பாத்துப் பயமும் இல்லை, ஒண்ணும் இல்லை. வேணும்னா இடத்தை மாத்தி விடுங்க. அவ என் மூலைல நிக்கட்டும், நான் அவ மூலைல நிக்கேன். அப்பவும் இதே மூலைக்குத்தான் வருவாளுக."

என் தங்கை இடுப்பில் கை வைத்தாள். "மாத்துங்க சார். பாத்துருவோம்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய யோசனை அது. இடத்துக்காக வருகிறார்களா, ஆளுக்காக வருகிறார்களா என்று வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது. ஆளை மாற்றினால் தெரிந்துவிடும்.

பயிற்சியாளர் இரண்டு பேரையும் மூலை மாற்றி நிறுத்திவிட்டு, மற்ற பெண்களைக் கூப்பிட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. "இன்னைக்கு எல்லாமே டூ ஆர் டை. புள்ளி எடுக்காம வந்தா கிரவுண்டைச் சுத்தி ஓட்டம்" என்றார்.

முதலில் வந்தவள் பாடிக்கொண்டே வழக்கம்போல வலது மூலையை நோக்கி இறங்கினாள். பாதி வழியில் அங்கே நிற்பது என் தங்கை என்று கண்டுகொண்டாள். கால் அப்படியே திரும்பியது, இடது மூலைக்கு. அங்கே நின்ற வலது கார்னர்காரிக்குப் பக்கம் பழகவில்லை. கை போன இடத்துக்குக் கால் போகவில்லை. ரைடர் அவளைத் தொட்டுவிட்டு ஓடினாள். இரண்டாவது வந்தவளும் இடது பக்கமே. மூன்றாவது வந்தவள் கோட்டைத் தாண்டும் முன்பே பாட்டை நிறுத்திவிட்டாள்.

"சார், இவ எதுக்கு இங்கன நிக்கா? பிறகு நான் எங்க போறது?"

கிரவுண்டே சிரித்தது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். என் லேப்டாப் அதற்குள் வெயிலில் அணைந்துபோயிருந்தது. யாரும் அதைத் தேடவில்லை.

வலது கார்னர்காரி மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு வந்து நின்றாள்.

"சரி சார், எனக்குப் பயப்படலை. ஆனா வாரவளை நான் பிடிக்கேன்லா? அதுல ஒண்ணும் மாத்தம் இல்லைல்லா?"

"அது எப்படி மாறும்? வந்து விழுதவளைப் பிடிக்கதுக்கும் கை வேணும்லா" என்றார் அவர். "ரெண்டு பேரும் அவங்கவங்க மூலைக்குப் போங்க."

அவ்வளவுதான் அறிவிப்பு. தங்கையை எடுக்கப் போவதாகச் சொன்னதை அவர் திரும்பப் பெறவும் இல்லை, அதைப்பற்றிப் பிறகு பேசவும் இல்லை. அவள் தன் மூலைக்குப் போனாள்.

ராயகிரிக்கு நாங்கள் குடும்பத்தோடு போனோம். அரையிறுதியில் தங்கை பிடித்தது ஒரே ஒருத்தியை. மைக்கில் பேசியவருக்கு அவள் இருப்பதே தெரியவில்லை. "வலது கார்னர், வலது கார்னர்" என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். அம்மா என் காதோரம், "இந்தாளுக்கும் நீ சம்பளம் வாங்குத எடத்துலதான் வேலை பழக்கணும்" என்றாள். ஆட்டம் முடிந்ததும், ஆள் பார்க்க வந்திருந்த கல்லூரிப் பயிற்சியாளர், தோற்ற அணியின் ரைடரிடம் போய் ஏதோ கேட்டார். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் பாட்டிலை இறக்காமலே மறுகையை நீட்டினாள். கை நீண்ட திசையில் என் தங்கை ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். சிறந்த கேட்சருக்கான பரிசு வலது கார்னர்காரிக்கு. ஒரு டேபிள் ஃபேன். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் என் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். "உனக்கு வேணும்னா காத்து வர்ற பக்கம் உக்காந்துக்கோ" என்று வழியெல்லாம் சீண்டினாள்.

இப்போதைய நிலை இது. கல்லூரியிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சான்றிதழ் சரிபார்ப்பு அடுத்த வாரம். இடம் இன்னும் உறுதியாகவில்லை. தங்கை இடது கார்னரில் நிற்கிறாள்.