ஓடும் இன்ஜினில் பார்த்த ஆயில்

ஆவடியில் ஒரு டாக்டருக்குக் கார் ஓட்டுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். டாக்டரின் பழைய வெளிநாட்டுக் காரில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். சில நாட்களாக இன்ஜின் மட்டும் அலறியது, கியர் மாறவில்லை.

பூந்தமல்லி மெக்கானிக் ஏகாம்பரத்திடம் காரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பியதும், "கியர் ஆயிலு கொறஞ்சிகீது நைனா" என்றார். காலையில்தான் டாக்டர் வீட்டு ஷெட்டில் கியர் ஆயிலின் அளவுக்கம்பியை எடுத்துப் பார்த்திருந்தேன், முழுசாக இருந்தது. நான் இல்லாதபோது இவரே ஆயிலை வடித்திருப்பார், இல்லாவிட்டால் பொய் சொல்கிறார் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் டாக்டரும் பட்டறைக்கு வந்தார். நின்றிருந்த காரில் கம்பியை உருவி, "பாருங்க சார், ஃபுல்லா இருக்கு. இவர் சொன்னது பொய்" என்றேன்.

ஏகாம்பரம் சிரித்தார். "வண்டிய நிறுத்தினா ஆயிலு கீழ எறங்கி ஃபுல்லாத்தான் காட்டும். ஓடவுட்டுப் பாரு, படிச்சவரே!"

இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன். கம்பியின் நுனிகூட நனையவில்லை. அடியில் ஒரு குழாய் கசிந்திருந்தது. டாக்டர், காரிலிருந்த கையேட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நான் அதைத் திறந்ததே இல்லை.

இப்போதெல்லாம் இன்ஜின் சூடானபின், அணைக்காமலே அளவு பார்க்கிறேன். ஏகாம்பரம் வேலை செய்யும்போது டீயைப் பட்டறைக்கே வரவழைக்கிறேன், இரண்டு கிளாஸாக.