காலடியில் குனிந்தவன்

குத்தாலம் தங்கையனுக்கு வாய்க்கு முன்னால் கை பேசும். பெற்ற மகனே நாலடி தள்ளி நின்றுதான் பேசுவான்.

அந்தக் குறுவை நடவுக்கு ஆள் கிடைக்காமல் வங்காளத்து ஆட்களை அழைத்திருந்தார். அவர்களில் ரத்தன், ஈசானி மூலை வரப்பில் மஞ்சள் குங்குமம் வைத்துப் படைத்திருந்த முதல் நாற்று முடியைத் தெரியாமல் செருப்புக் காலால் மிதித்துவிட்டான்.

"சாமிக்கு வச்சதையாடா மிதிக்கிற?" என்று பாய்ந்தார் தங்கையன்.

ரத்தன் சட்டென்று அவர் காலடியில் குனிந்தான். காலை வாரப் பார்க்கிறான் என்று நினைத்த தங்கையன், மண்வெட்டிக் காம்பால் மண்டையில் ஓங்கிப் போட்டார். வரப்போரத் தண்ணீர் சிவந்தது.

"அண்ணா, சண்டை இல்ல! எங்க ஊர்ல கால் தொட்டா மன்னிப்பு!" என்று அலறினான் கூட வந்தவன்.

தங்கையன் காம்பை வீசிவிட்டு, சரிந்து கிடந்தவனின் காலைத் தொடக் குனிந்தார்.

ரத்தன் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான்.