சகாயம் அக்கா கூப்பிட்ட வண்டிகள்

வில்பட்டிக் காய்கறி ஜீப்பை ஓட்டும் அண்ணன்தான் வந்து சொன்னார். சாவடி ஜன்னலில் அக்காவின் இடத்தில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரைத் தாண்டி என் பக்கம் தலையை நீட்டி, "பாப்பா, நம்ம சகாயம் போயிருச்சும்மா" என்றார். மஞ்சள் காமாலை என்று திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பிவிடுவார் என்றே இருந்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவருக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அடுத்த வண்டிக்கும் கிழித்தேன்.

அடக்கத்துக்கு வந்த உங்களில் பலர் அக்காவை மலைப்பாதைச் சுங்கச்சாவடி ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். வண்டியின் வகையை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. அதற்கான சீட்டைக் கிழிப்பது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கு, யாரோடும் பேச வேண்டாத அந்த இடம் பிடித்திருந்தது. காருக்கும் ஜீப்புக்கும் ஒரு தொகை, வேனுக்கு ஒன்று, லாரிக்கும் பஸ்ஸுக்கும் எல்லாவற்றையும்விட அதிகம். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசாங்கப் பலகை வெளியே தொங்கும். சாவடியைக் குத்தகைக்கு எடுத்தவர் வைத்த சூப்பர்வைசர் தன் மழைக்கோட்டை அதன் மேல்தான் மாட்டுவார்.

"அண்ணே, மழை பேஞ்சு எத்தன நாளாச்சு. கோட்டு இன்னுமா காயல?" என்று அக்கா ஒருநாள் கேட்டார். "குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோயி அடுப்புல காட்டிக் கொண்டாறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பூண்டு அறுவடை வந்தது. மூட்டை ஏற்றிய ஜீப்புக்கெல்லாம் லாரிச் சீட்டு என்றார் சூப்பர்வைசர். அன்றே மேல்மலைப் போளூர் ஜீப் ஒன்று வளைவில் திரும்பியது. அக்கா வரிசை முழுவதும் கேட்கும்படி "ஜீப்பு!" என்று கூப்பிட்டார். எல்லோர் காதிலும் விழுந்த பிறகு மாற்ற முடியாது.

"மூட்டை கெடக்குறது கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரியுதுண்ணே. மூட்டைக்குக் கீழ ஜீப்புதான் கெடக்கு."

"நாளைக்கு ஒனக்குச் சோலி இருக்காது, பாத்துக்க."

"இல்லாட்டி நானும் மூட்டையோட ஏறிப் போயிக்கிறேன். அப்பவும் அது ஜீப்புதான்."

மேசைக்குக் கீழே அக்கா என் கையைப் பிடித்திருந்தார். சில்லிட்டுப்போன கை. நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. வண்டி போனதும், "தண்ணி குடு புள்ள, நெஞ்சு அடிச்சுக்குது" என்றார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் எல்லோரும், பயமே அறியாதவள் என்று பேசிக்கொண்டீர்கள். அதை மறுத்துப் பேச எனக்கு அங்கே வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அக்காவுக்குப் பயம் இருந்தது. அவர் சம்பளத்தில்தான் அவர் அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பயந்துகொண்டேதான் கூப்பிட்டார்.

இப்போது கூப்பிடுவதும் கிழிப்பதும் நான்தான். "அவள மாதிரி வாயாடாத. மூட்டைன்னா லாரி" என்று சூப்பர்வைசர் சொல்லி வைத்திருக்கிறார். அப்பா விழுந்து படுத்த பிறகு எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்தி.

நேற்று பூண்டு ஏற்றிய ஜீப் ஒன்று வந்தது. "ஜீப்பு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்ன பாப்பா, லாரியா?" என்றார் டிரைவர்.

சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

அக்காவின் குரல் எனக்கு வராது. அவருடைய பயம் மட்டும் அப்படியே என்னிடம் இருக்கிறது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியவில்லை. மறுபடியும் "ஜீப்பு!" என்று கூப்பிட்டேன். பின்னால் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.