உடனே வார்டுக்கு வரவும்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் லாக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கணினி நிரல் ஓடிய தடத்தைச் சொல்லும் குறிப்புகளுக்கு லாக் என்று பெயர். காலையில் வந்து உட்கார்ந்தால் மாலை வரை அதையே வெறித்துக்கொண்டிருப்பாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

வீட்டில் அவளும் தங்கையும் மட்டும். பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் தங்கைக்கு அக்காவின் பிழைப்பு பிடிபட்டதே இல்லை.

"சர்வர்லெஸ்ஸுன்னா சர்வரே இல்லாத ஓட்டலா? அப்ப யாருக்கா பரிமாறுவாங்க?"

"இருக்காங்கடி. நம்ம கண்ணுல பட மாட்டாங்க. ஆர்டர் வந்தா எங்கிருந்தோ வந்து வேலையை முடிச்சிட்டுப் போயிடுவாங்க."

"முடிக்கலேன்னா யாரைப் பிடிச்சுத் திட்டுவ?"

லாக்கம்மா சிரித்து மழுப்பினாள். உண்மையில் அதுதான் அவளுடைய தினசரிப் பாடு. ஃபங்ஷன்கள் என்று அவள் எழுதும் சின்னச் சின்ன நிரல்கள், கிளவுட் என்கிற யாருடைய மெஷினிலோ ஓடின. அவளுடைய லேப்டாப்பில் சமர்த்தாக இருப்பவை மேலே கிளவுடுக்குப் போனதும் முரண்டு பிடிக்கும். காரணம் தெரிய வேண்டுமானால் ஒரு வரி சேர்த்து, ஏற்றி, காத்திருந்து, லாக்கைத் துழாவ வேண்டும். இருட்டறையில் ஊசி தேடுகிற கதைதான்.

கடைசியாக அவள் எழுதியது ஒரு மருத்துவமனைக்கு. நோயாளியின் உடல்நிலை மோசமானால் நர்ஸ் ஒரு பொத்தானை அழுத்துவார். உடனே வீட்டாருக்கு 'உடனே வார்டுக்கு வரவும்' என்று செய்தி போகும். செய்தி போனதும், அனுப்பியாயிற்று என்று நோயாளியின் பதிவில் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. சோதித்தாள், மக்கர் இல்லாமல் ஓடியது. மானேஜர் முதுகில் தட்டாத குறைதான்.

பிறகு ஒருநாள் மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் அழைத்தார்.

"ஏம்மா, ஒரு பெரியவர் திரும்பத் திரும்ப வார்டுக்கு வந்து நிக்கிறாரு. உங்க மெசேஜ் வருதாம். அவரு சம்சாரம் தவறிட்டாங்க, போன வாரமே அடக்கம் பண்ணியாச்சு."

லாக்கம்மா மற்ற வேலையெல்லாம் போட்டது போட்டபடி லாக்கில் இறங்கினாள். அவளுடைய லேப்டாப்பில் எத்தனை தடவை ஓட்டியும் செய்தி ஒரே ஒரு முறைதான் போனது. மேலே மட்டும் திரும்பத் திரும்ப. ஒரு வரி சேர்த்து ஏற்றினாள், காத்திருந்தாள். இன்னொரு வரி. மதியச் சாப்பாடு டப்பாவிலேயே கிடந்தது.

கடைசியில் கண்ணில் பட்டது. இறந்தவரின் பதிவை மருத்துவமனை மூடிவிடும். மூடிய பதிவில் எதையும் குறிக்க முடியாது. செய்தி போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மாளின் உயிர் போயிருந்தது. குறிக்க முடியாததால் வேலை முடியவில்லை என்று எடுத்துக்கொண்ட கிளவுட், சற்று நேரம் விட்டு ஃபங்ஷனை மறுபடி ஓட்டியது. மறுபடி செய்தி. மறுபடி மூடிய பதிவு.

பிழைத்தவர்களின் வீட்டுக்கு ஒரு செய்தி. செத்தவர்களின் வீட்டுக்கு மட்டும் ஓயாத செய்தி. அவள் சோதனைக்கென்று உருவாக்கி வைத்திருந்த நோயாளிகளில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஒருவரையாவது சாகவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

திருத்தி ஏற்றினாள். "சரி பண்ணியாச்சுல்ல, விடு. இதெல்லாம் சகஜம்" என்றார் மானேஜர். அவளால் விட முடியவில்லை. தலைமை நர்ஸிடம் கெஞ்சிக் கேட்டு பெரியவரின் போன் நம்பரை வாங்கி, படிக்கட்டுப் பக்கம் போய் அவரை அழைத்தாள்.

"ஐயா, அந்த மெசேஜ் எழுதினது நான்தான். தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சிடுங்க. இனிமே வராது."

"வராதாம்மா?"

"வராதுங்க."

"தப்புன்னு எனக்குத் தெரியும்மா. என் கையாலதானே மண்ணு போட்டேன். ஆனாலும் மெசேஜ் வந்தா கால் நிக்கல. சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன். அங்க போனா அவ கட்டில்ல வேற யாரோ படுத்திருப்பாங்க. எட்டிப் பாத்துட்டு வந்துடுவேன். கூப்பிடுறாங்க, போகாம எப்படிம்மா இருக்கிறது?"

பெரியவரே "சரிம்மா, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

மருத்துவமனை சம்பந்தப்பட்ட ஒருவரிடம் கேட்காமல் தானாகப் பேசியதற்காக மானேஜர் கடிந்துகொண்டார். அவள் வேறு வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டாள். கிடங்குச் சரக்குக் கணக்கு ஒன்றில் போட்டார்கள்.

"புது வேலை எப்படிக்கா இருக்கு?" என்றாள் தங்கை, சாப்பிடும்போது.

"எல்லாம் பெட்டிதான்" என்றாள் லாக்கம்மா. "ஒரு பெட்டியைத் தப்பா ரெண்டு தடவை எண்ணினாக்கூட யாரும் கிளம்பி வந்து நிக்க மாட்டாங்க."

தங்கைக்குப் புரியவில்லை. அக்காவின் தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து, தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.