செல்லம்மா அக்காவின் மாங்காய் பார்டர்

பண்ணைக்காட்டில் பதினைந்து வருஷம் பேண்ட் தைத்தவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. எல்லோரும் ரெடிமேட் வாங்க ஆரம்பித்ததும், கொடைக்கானலில் ரோஸி அக்கா கடையில் சேலைக்கு எம்பிராய்டரி பார்டர் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். மெஷின் எம்பிராய்டரி சீக்கிரம் கைக்கு வந்துவிட்டது. பெண்களிடம் நிமிர்ந்து பேசுவது மட்டும் வரவில்லை. கலர், டிசைன் எல்லாவற்றையும் ரோஸி அக்காவே கேட்டு என்னிடம் சொல்வார்.

1. முதல் முழுச் சேலை

ஆறு மாதம் கழித்து ஒரு சேலையை முழுதாக என்னிடம் ஒப்படைத்தார். கவுஞ்சியில் பூண்டும் கேரட்டும் பயிர் செய்கிற செல்லம்மா அக்காவின் சேலை. மகள் தன் கல்யாணத்தில் அம்மா கட்டிக்கொள்ள முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த மெரூன் பிளெயின் பட்டு. கீழ்க்கரையில் மாங்காய் பார்டர், ஒரு கோடியில் முந்தானைக்கான வேலைப்பாட்டுத் துண்டு, அதாவது முந்தானை பீஸ்.

ஒன் சைடு பார்டரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முந்தானையை இடது தோளில் போடுகிறவருக்கு ஒரு கோடியில் பீஸ் வைக்க வேண்டும். வலது தோள் என்றால் மறு கோடியில். மாற்றி வைத்தால் கீழே இருக்க வேண்டிய பார்டர் மேலே போய்விடும்.

“சேலையக் குடுக்க வந்தப்ப எந்தத் தோள்ல போட்டிருந்தாங்கன்னு பாத்தியா?” என்று ரோஸி அக்கா கேட்டார்.

“பாத்தேங்க்கா. இடது.”

தனிப் பட்டையில் மாங்காய்களை மெஷினில் போட்டு, ஒவ்வொன்றின் மூக்கிலும் மணியைக் கையால் தைத்து, பட்டையைச் சேலைக் கரையில் வைத்துத் தைத்தேன். பன்னிரண்டு நாள் வேலை.

2. நாலு மணி பஸ்

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் செல்லம்மா அக்கா வந்தார். நாலு மணிக்கு அவருக்கு பஸ். உள்ளறையில் சேலையைக் கட்டிப் பார்த்தார்கள். பிறகு ரோஸி அக்காவின் குரல் வந்தது.

“இங்க வாடா. உன் மாங்காயெல்லாம் இவங்க இடுப்புல கெடக்கு.”

போய்ப் பார்த்தேன். முந்தானை வலது தோளில் இருந்தது. பார்டர் முழுவதும் இடுப்பில் சொருகியிருந்தது. காலடியில் வெறும் மெரூன் துணி.

“இடது தோள்னு சொன்னியே?”

“பாத்தேங்க்கா...” என் மெஷினுக்கு எதிர்ச் சுவரைக் காட்டினேன். “கண்ணாடில பாத்தேன்.”

ரோஸி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். செல்லம்மா அக்கா சிரித்துவிட்டார். “ஏலே தம்பி, நேரா பாத்தா கடிச்சா வைக்கப் போறேன்?”

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் இடது தோள்ல போட்டுக்கங்களேன்” என்றார் ரோஸி அக்கா.

“இடது தோளு மூட்டை தூக்குற தோளு தாயி. முப்பது வருசமா முந்தானை வலதுலதான். மாத்திக் கட்டினா, எம் மக கழுத்துல தாலி ஏறுறப்ப நான் சேலையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அவ எடுத்துக் குடுத்த சேலை. நல்லாக் கட்டிக்கிட்டு நிக்கணும்ல?”

நாலரை மீட்டர் பார்டரைப் பிரித்து மறுகரையில் தைக்க நேரம் இல்லை. சேலையை மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். பார்டர் அதன் கரையிலேயே இருக்கட்டும், முந்தானை மட்டும் கோடி மாறினால் போதுமே என்று தோன்றியது. பீஸைப் பிரித்தால் ஊசித் தடம் விழும். ஆனால் அந்தக் கோடி இனி உள்சுற்றுக்குப் போய்விடும், வெளியே தெரியாது. உள்ளே சொருகுகிற ஒரு மீட்டருக்கு நாங்கள் பார்டர் வைப்பதில்லை. அதனால் பழைய முந்தானைக் கோடியிலிருந்து ஒரு மீட்டர் பார்டரையும் பிரித்து, பீஸோடு சேர்த்து மறு கோடிக்கு மாற்ற வேண்டும்.

சொன்னேன். அன்றுதான் ஒரு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து முதல் தடவையாகப் பேசினேன்.

“பிளேடக் குடு” என்று செல்லம்மா அக்கா உட்கார்ந்துவிட்டார். “பூண்டு உரிக்கிற கை. வெரசாப் பிரிச்சுருவேன்.”

அவர் பட்டில் ஒரு கீறல் விழாமல் பிரித்தார். நான் ஒரு மாங்காய் முடிகிற இடத்தில் ஒட்டு வைத்துத் தைத்தேன். மூன்றரைக்குக் கட்டிப் பார்த்தார். மாங்காய்கள் காலடியில் வரிசையாக நின்றன. சேலையைப் பையில் போட்டுக்கொண்டு ஓடியே பஸ் பிடித்தார்.

3. போட்டோ

மறுநாள் மதியம் ரோஸி அக்காவின் போனுக்குப் போட்டோ வந்தது. மணமகளும் செல்லம்மா அக்காவும். செல்லம்மா அக்காவின் முந்தானை இடது தோளில் இருந்தது. போனை அவரிடமே திருப்பி நீட்டினேன்.

“அக்கா, மறுபடியும் தப்பாயிருச்சுங்க்கா.”

அவர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பின்னால் மண்டபத்துப் பலகையில் எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிக் கிடந்தன. “செல்ஃபிடா. பொண்ணு எடுத்திருக்கா.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கண்ணாடியும் செல்ஃபியும் தோளை மாற்றிக் காட்டும். கூச்சமாக இருந்தால் தலையைக் குனிந்துகொண்டாவது கேட்டுவிடுங்கள்: “முந்தானை எந்தத் தோளுங்க?” நான் இன்றும் அப்படித்தான் கேட்கிறேன்.